தன்மொழித் தொகுப்பி

தன்மொழித் தொகுப்பி என்பது, தான் மொழிமாற்றும் நிரல்மொழியிலேயே எழுதப்பட்ட தொகுப்பி ஆகும். மனிதர் எழுதும் மூலநிரலைக் கணினி நேரடியாக இயக்கக்கூடிய பொறிமொழியாக மாற்றித் தரும் மென்பொருள் தொகுப்பி எனப்படுகின்றது. பேச்சு வழக்கில் இதனைக் கம்பைலர் என்பர். சி மொழியில் எழுதப்பட்ட சி தொகுப்பி, பாசுக்கல் மொழியில் எழுதப்பட்ட பாசுக்கல் தொகுப்பி என்பன இவ்வகைக்கு எடுத்துக்காட்டுகள். இக்கருத்து தொகுப்பியோடு நின்றுவிடுவதில்லை. பிழைநீக்கி, நிரல் வடிவமைப்பி, பொதி மேலாளர், சோதனைக் கருவி முதலிய துணைக் கருவிகளையும் அந்தந்த மொழியிலேயே எழுதுவது பல மொழிகளின் வழக்கமாக உள்ளது.

ஒரு மொழியை உருவாக்குவோர் தம் கருவிகளை அம்மொழியிலேயே எழுத வேண்டுமா என்பது கணினியியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் கேள்வியாகும். அவ்வாறு எழுதுவதால் மொழியின் தரம் உயர்கின்றது என்பது ஒரு சாராரின் கருத்து. அது மொழியின் நோக்கத்தைத் திசைதிருப்பும் என்றும், கருவிகளின் வேகத்தைக் குறைக்கும் என்றும் மற்றொரு சாரார் கருதுகின்றனர். இதனோடு தொடர்புடைய நம்பகச் சிக்கல் ஒன்றும் உண்டு.

அடிப்படைச் சிக்கல்

தன்மொழித் தொகுப்பி என்ற கருத்து முதல் நோக்கில் முரண்பாடாகத் தோன்றக்கூடும். தொகுப்பியின் மூலநிரலைப் பொறிமொழியாக்க ஒரு தொகுப்பி தேவை. அந்தத் தொகுப்பியோ இன்னும் உருவாகவில்லை. விதையின்றி மரமில்லை, மரமின்றி விதையில்லை என்பது போன்ற நிலை இது.

இச்சிக்கலைத் தீர்க்கும் வழிமுறை ஆங்கிலத்தில் பூட்சுட்ராப்பிங் எனப்படுகின்றது. தன் காலணியின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளுதல் என்ற உருவகத்திலிருந்து இச்சொல் பிறந்தது. கணினியை முடுக்கும்போது நடைபெறும் தொடக்கச் செயற்பாட்டைக் குறிக்கும் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே.

உருவாக்கும் முறை

முதல் தொகுப்பியைப் பெறுவதற்குப் பின்வரும் வழிகள் கையாளப்படுகின்றன.

முதலாவது, ஏற்கெனவே உள்ள வேறொரு மொழியில் ஓர் எளிய தொகுப்பியை எழுதுவது. புதிய மொழியின் எல்லாக் கூறுகளையும் அது அறிந்திருக்க வேண்டியதில்லை. தன்மொழித் தொகுப்பியின் மூலநிரலில் பயன்படும் கூறுகளை மட்டும் அறிந்திருந்தால் போதும். அதன் பணி முடிந்தபின் அதனைக் கைவிட்டுவிடலாம்.

இரண்டாவது, அம்மொழிக்கு ஒரு வரிமொழிமாற்றி இருப்பின், தொகுப்பியை அதன் மேல் இயக்கி, தொகுப்பியைக் கொண்டே தொகுப்பியை மொழிமாற்றுவது.

மூன்றாவது, தொகுப்பியின் மூலநிரலை மனிதரே தாழ்நிலை மொழி ஒன்றுக்குக் கையால் பெயர்ப்பது.

நான்காவது, வேறொரு கணினியில் இயங்கும் அதே மொழித் தொகுப்பியைக் கொண்டு, புதிய கணினிக்கு உரிய பொறிமொழியை உருவாக்குவது. இது குறுக்குத் தொகுப்பு எனப்படும்.

கட்டற்ற மென்பொருளான ஜிசிசி தொகுப்பியை அதன் மூலநிரலிலிருந்து கட்டமைக்கும்போது மூன்று கட்டங்கள் பின்பற்றப்படுகின்றன. முதற் கட்டத்தில், கணினியில் ஏற்கெனவே உள்ள தொகுப்பி ஜிசிசியின் மூலநிரலை மொழிமாற்றுகின்றது. இரண்டாம் கட்டத்தில், இவ்வாறு கிடைத்த ஜிசிசி தன் மூலநிரலைத் தானே மொழிமாற்றுகின்றது. மூன்றாம் கட்டத்தில், இரண்டாம் கட்டத்தின் விளைவு மீண்டும் அதே பணியைச் செய்கின்றது. இரண்டாம், மூன்றாம் கட்டங்களின் விளைவுகள் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஏனெனில் அவ்விரண்டும் ஒரே மூலநிரலிலிருந்து, ஒரே விதிகளின்படி நடந்துகொள்ள வேண்டிய தொகுப்பிகளால் உருவாக்கப்பட்டவை. வேறுபாடு காணப்பட்டால் அது பொதுவாகத் தொகுப்பியில் பிழை உள்ளதைக் குறிக்கும். முதற் கட்டத்தின் விளைவை இவ்வாறு ஒப்பிட இயலாது. அதனை உருவாக்கிய தொகுப்பி வேறு என்பதால், அது அதே பணியைச் செய்யும் வேறு பொறிமொழிக் கோவையாகவே இருக்கும்.

வரலாறு

1958 இல் ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் மின்னணு ஆய்வுக்கூடத்தில் உருவான நெலியாக் மொழியின் தொகுப்பி, தன்னைத் தானே மொழிமாற்றிய தொடக்ககாலத் தொகுப்பிகளுள் ஒன்றாகும். 1962 இல் மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் டிம் ஆர்ட், மைக் லெவின் ஆகிய இருவரும் லிசுப்பு மொழிக்கான தொகுப்பியை லிசுப்பு மொழியிலேயே எழுதினர். அம்மொழிக்கு ஏற்கெனவே வரிமொழிமாற்றி இருந்தமையால், தொகுப்பியை அதன் மேல் இயக்கித் தன்னைத் தானே மொழிமாற்றச் செய்தனர்.

பி மொழியும் சி மொழியும்

பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் உருவாக்கிய பி மொழியின் முதல் தொகுப்பி டிஎம்ஜி என்னும் வேறொரு மொழியில் எழுதப்பட்டது. அது இயங்கத் தொடங்கியபின் தாம்சன் அதனைப் பி மொழியிலேயே மாற்றி எழுதினார். அவர் பயன்படுத்திய பிடிபி-7 கணினியின் நினைவகம் மிகச் சிறியது. மொழியில் ஒரு புதிய கூறைச் சேர்த்தால் தொகுப்பி பருத்து நினைவகத்தில் அடங்காத நிலையை நெருங்கும். அப்புதிய கூறையே பயன்படுத்தித் தொகுப்பியைத் திருத்தி எழுதினால் அது மீண்டும் சிறுக்கும். இவ்வாறு ஒவ்வொரு கூறும் தன் இடத்திற்கு உரிய பயனைத் தருகின்றதா என்பது உடனுக்குடன் சோதிக்கப்பட்டது. டென்னிசு ரிட்ச்சி தாம் எழுதிய சி மொழி வரலாற்றில் இதனைப் பதிவு செய்துள்ளார்.

பி மொழியிலிருந்து ரிட்ச்சி சி மொழியை வளர்த்தெடுத்தார். 1972 இல் யுனிக்சு இயக்குதளத்தைச் சி மொழியில் எழுதத் தாம்சன் முயன்று கைவிட்டார். அக்காலத்தில் சி மொழியில் பல தரவுகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் கட்டமைப்பு வகை இருக்கவில்லை. அது சேர்க்கப்பட்டபின், 1973 இல் யுனிக்சின் கருவகம் சி மொழியில் எழுதி முடிக்கப்பட்டது. மொழியை உருவாக்கியோரே அதனைக் கொண்டு பெரும்பணி ஒன்றைச் செய்ய முயன்றமையால் அதன் குறை வெளிப்பட்டது என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகக் காட்டப்படுகின்றது.

பாசுக்கல்

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் நிக்லாசு விர்த்து பாசுக்கல் மொழியை வடிவமைத்தார். 1969 இல் அதன் தொகுப்பியைப் போர்ட்ரான் மொழியில் எழுதிப் பின்னர்ப் பாசுக்கலுக்கு மாற்றுவது எனத் திட்டமிடப்பட்டது. ஒரு தொகுப்பிக்குத் தேவையான சிக்கலான தரவுக் கட்டமைப்புகளை வெளிப்படுத்தும் வசதி அக்காலப் போர்ட்ரானில் இல்லை. அதனால் நிரல் முறுக்கலான வடிவத்தைப் பெற்றது. அதனைப் பாசுக்கலுக்கு மாற்றுவது புதிதாக எழுதுவதற்கு ஒப்பானதாக இருந்தமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இரண்டாம் முயற்சியில் தொகுப்பி முழுவதும் தொடக்கத்திலிருந்தே பாசுக்கலில் எழுதப்பட்டது. அப்போது உலகில் எந்தக் கணினியிலும் பாசுக்கல் நிரல் எதனையும் இயக்கிப் பார்க்க வழியில்லை. எழுதிமுடித்த நிரல் இசுக்காலப்பு என்ற தாழ்நிலை மொழிக்குக் கையால் பெயர்க்கப்பட்டது. 1970 இன் நடுப்பகுதியில் தொகுப்பி இயங்கத் தொடங்கியது.

தன்மொழியைப் பயன்படுத்துவதன் நன்மைகள்

முதல் நன்மை சோதனை ஆகும். தொகுப்பி என்பது பெரிய, சிக்கலான மென்பொருள். பல்லாயிரம் வரிகளைக் கொண்ட அம்மூலநிரலை மொழிமாற்றிச் சரியாக இயக்க முடிந்தால், மொழியின் பல கூறுகள் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன. சிறு சோதனை நிரல்களில் வெளிப்படாத பிழைகள் இங்கு வெளிப்படக்கூடும்.

இரண்டாவது, வடிவமைப்போர் பயனராகவும் ஆகின்றனர். பிழைச்செய்தி தெளிவாக இல்லாவிடினும், தொகுப்பு நேரம் மிகுந்தாலும், நூலகத்தில் ஒரு வசதி குறைந்தாலும் அத்துன்பம் முதலில் அவர்களையே சேர்கின்றது. வெளிப் பயனர் முறையிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, மேம்பாட்டின் பயன் இருமடங்காகின்றது. தொகுப்பி உருவாக்கும் பொறிமொழி வேகமானதாக மாறினால், பயனரின் நிரல்கள் மட்டுமன்றித் தொகுப்பியும் வேகம் பெறுகின்றது. விர்த்தின் ஒபெரான் தொகுப்பியில் இதுவே ஓர் அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. தொகுப்பி தன்னைத் தானே மொழிமாற்றுவதற்கு ஆகும் நேரமே அந்த அளவு. ஒரு புதிய மேம்படுத்தல் உத்தி, தான் சேர்க்கும் கூடுதல் வேலையை ஈடுசெய்யும் அளவுக்குத் தொகுப்பியை வேகப்படுத்தவில்லை எனில் அது ஏற்கப்படவில்லை. தொகுப்பி சிறியதாகவே நிலைத்திருக்க இம்முறை உதவியது.

நான்காவது, பங்களிப்போர் பெருகுவர். மொழியைப் பயன்படுத்துவோர் அனைவரும் அம்மொழியை அறிந்தவர்கள். கருவிகளும் அதே மொழியில் இருப்பின், மூலநிரலைப் படித்துத் திருத்தம் அனுப்புவதற்கு அவர்கள் வேறொரு மொழியைக் கற்க வேண்டியதில்லை. தன்னார்வலர்களால் வளர்க்கப்படும் கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு இது பயனுள்ளது.

ஐந்தாவது, தொகுப்பியின் உட்கூறுகளைப் பிற கருவிகளும் பயன்படுத்தலாம். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சி சார்ப்பு தொகுப்பி முன்னர்ச் சி++ மொழியில் எழுதப்பட்டிருந்தது. அதற்கு மாற்றாக ரோசுலின் என்ற பெயரில் சி சார்ப்பு மொழியிலேயே எழுதப்பட்ட தொகுப்பியின் மூலநிரல் 2014 இல் வெளியிடப்பட்டது. நிரல் தொகுப்பான்களும் பகுப்பாய்வுக் கருவிகளும் அதனை ஒரு நூலகமாகவே பயன்படுத்த முடிகின்றது.

எதிர்க்கருத்துகள்

மொழியின் நோக்கம் திசைதிரும்புதல்

தொகுப்பி என்பது ஒரு குறிப்பிட்ட வகை மென்பொருளே. அது உரையைப் பகுத்து, மர வடிவக் கட்டமைப்புகளை உருவாக்கி, அவற்றை மாற்றியமைக்கின்றது. வலைப்பிணையச் சேவை, அறிவியற் கணிப்பு, வரைகலை போன்ற பணிகளின் தேவைகள் வேறானவை. ஒரு மொழியின் முதற் பெரும் பயன்பாடு அதன் தொகுப்பியே எனில், அம்மொழி தொகுப்பி எழுதுவதற்கு ஏற்ற மொழியாக மட்டும் வளர்ந்துவிடக்கூடும்.

கூகுள் நிறுவனத்தில் ராபர்ட் கிரீசெமர், ராப் பைக், கென் தாம்சன் ஆகியோர் உருவாக்கி 2009 இல் வெளியிட்ட கோ மொழியின் முதல் தொகுப்பி சி மொழியில் எழுதப்பட்டது. தொடக்கத்திலேயே தன்மொழிக்கு மாறியிருந்தால், வலைப்பிணைய வழங்கிகளுக்கான மொழி என்ற முதல் நோக்கத்தில் கருத்தூன்ற முடியாமற் போயிருக்கலாம் என்று கோ திட்டத்தினர் விளக்கியுள்ளனர். மொழி நிலைபெற்றபின், சி மூலநிரலைக் கோ மொழிக்கு மாற்றும் ஒரு கருவியின் துணையால் தொகுப்பி பெயர்க்கப்பட்டது. இது 2015 ஆகத்தில் வெளியான 1.5 ஆம் பதிப்பில் இடம்பெற்றது. அப்பதிப்பில் தொகுப்பு நேரம் ஏறத்தாழ இருமடங்கானது.

வேகம்

எல்லா மொழிகளும் தொகுப்பி போன்ற கடுமையான கணிப்புகளுக்கு ஏற்றவை அல்ல. 2012 இல் வெளியான டைப்சுகிரிப்டு மொழியின் தொகுப்பி தொடக்கம் முதல் அம்மொழியிலேயே எழுதப்பட்டிருந்தது. 2025 மார்ச்சில், அதனைக் கோ மொழிக்குப் பெயர்க்கும் பணியை அம்மொழியின் முதன்மை வடிவமைப்பாளர் ஆண்டர்சு எயில்சுபர்கு அறிவித்தார். ஏறத்தாழ 15 இலட்சம் வரிகளைக் கொண்ட விசுவல் சுடூடியோ கோடு மென்பொருளின் மூலநிரலைச் சோதிக்க 77.8 நொடிகள் ஆன இடத்தில், புதிய தொகுப்பிக்கு 7.5 நொடிகளே ஆயின என அவ்வறிவிப்பில் கூறப்பட்டது.

பைத்தான் மொழியிலும் இத்தகைய போக்கு காணப்படுகின்றது. அம்மொழிக்கான நிரல் சோதனைக் கருவியான ரஃப், ரசுட்டு மொழியில் எழுதப்பட்டு 2022 இல் வெளியானது. பைத்தானில் எழுதுவதைக் காட்டிலும் மிகுந்த வேகம் கிடைப்பதே இதன் நன்மை. எனினும் பைத்தான் மட்டும் அறிந்த பயனர் அதன் மூலநிரலைத் திருத்துவது கடினம்.

இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. பைத்தானில் எழுதப்பட்ட வகைச் சோதனைக் கருவியான மைப்பை, தன் மூலநிரலிலுள்ள வகைக் குறிப்புகளைக் கொண்டே சி மொழி நீட்சியாக மொழிமாற்றப்படுகின்றது. 2019 முதல் இவ்வாறு வெளியிடப்படும் அக்கருவி ஏறத்தாழ நான்கு மடங்கு வேகம் பெற்றது. பைபை என்ற பைத்தான் செயலாக்கமும் ஆர்பைத்தான் என்னும் பைத்தானின் உட்பிரிவில் எழுதப்பட்டதே.

சங்கிலி நீளுதல்

தன்மொழித் தொகுப்பியின் ஒவ்வொரு பதிப்பையும் கட்டமைக்க அதற்கு முந்தைய பதிப்பு தேவைப்படுகின்றது. ரசுட்டு மொழியின் முதல் தொகுப்பி ஓகேமல் மொழியில் எழுதப்பட்டது. 2011 இல் அம்மொழி தன்னைத் தானே மொழிமாற்றும் நிலையை அடைந்தது. அதன்பின் வந்த பதிப்புகள் யாவும் ஒன்றன்மேல் ஒன்றாகவே கட்டப்பட்டுள்ளன. மூலநிரலை மட்டும் வைத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து கட்டமைக்க விரும்புவோர் அச்சங்கிலி முழுவதையும் கடக்க வேண்டும். இதனைச் சுருக்குவதற்காகவே எம்ரசுட்சி என்ற மாற்றுத் தொகுப்பி சி++ மொழியில் எழுதப்பட்டது.

சிக்கு மொழித் திட்டம் 2022 திசம்பரில் தன் பழைய சி++ தொகுப்பியை நீக்கியது. அதற்கு மாற்றாக, தொகுப்பியின் சுருக்கப்பட்ட வடிவம் ஒன்று வெப் அசெம்பிளிக் கோப்பாகத் திட்டத்தின் களஞ்சியத்தில் வைக்கப்பட்டது. சி தொகுப்பி உள்ள எந்தக் கணினியிலும் அதிலிருந்து தொடங்கிச் சிக்கு தொகுப்பியைக் கட்டமைக்கலாம்.

நம்பகச் சிக்கல்

தன்மொழித் தொகுப்பியின் மூலநிரலில் இல்லாத அறிவு அதன் பொறிமொழி வடிவில் தங்கியிருக்க முடியும். இதனைக் கென் தாம்சன் தமது தூரிங்கு விருது உரையில் விளக்கினார். ரிட்ச்சியுடன் இணைந்து அவர் 1983 ஆம் ஆண்டுக்கான இவ்விருதைப் பெற்றார். உரை 1984 இல் வெளியாயிற்று.

சி மொழியில் சில கட்டுப்பாட்டு எழுத்துகளைக் குறிக்கப் பின்சாய்வுக்கோட்டுடன் கூடிய ஓர் எழுத்து எழுதப்படுகின்றது. செங்குத்துத் தாவல் என்ற குறியைத் தொகுப்பிக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டும் எனக் கொள்வோம். முதன்முறை, அக்குறியைக் கண்டால் 11 என்ற எண்ணைத் தருக என மூலநிரலில் எழுத வேண்டும். இவ்வாறு மொழிமாற்றிய தொகுப்பியை நிறுவியபின், 11 என்ற எண்ணை நீக்கிவிட்டு அதன் இடத்தில் அக்குறியையே எழுதலாம். ஏனெனில் தொகுப்பி இப்போது அக்குறியின் பொருளை அறியும். 11 என்ற எண் மூலநிரலில் எங்கும் இல்லை. ஆயினும் தொகுப்பியின் தலைமுறைகள்தோறும் அது கடத்தப்படுகின்றது.

இவ்வழியே தீங்கும் கடத்தப்படலாம் என்பதே தாம்சன் கூறியது. இயக்குதளத்தின் புகுபதிகை நிரலை மொழிமாற்றும்போது, ஓர் இரகசியக் கடவுச்சொல்லையும் ஏற்கும்படி தொகுப்பி அதில் சில கட்டளைகளைச் செருகலாம். இம்மாற்றம் தொகுப்பியின் மூலநிரலில் இருந்தால் படிப்போர் கண்டுகொள்வர். எனவே இரண்டாவது மாற்றம் ஒன்று சேர்க்கப்படுகின்றது. தொகுப்பி தன் சொந்த மூலநிரலை மொழிமாற்றுவதை உணர்ந்தால், இவ்விரு மாற்றங்களையும் விளைவில் தானே செருகிவிடும். அதன்பின் மூலநிரலிலிருந்து இரண்டையும் நீக்கிவிடலாம். தூய மூலநிரலை எத்தனை முறை மொழிமாற்றினாலும் கள்ளக் கதவு தொடர்ந்து உயிர்வாழும். மூலநிரலைப் படித்துப் பார்ப்பதனால் மட்டும் ஒரு மென்பொருளை நம்பிவிட இயலாது என்பது இதன் முடிவு. தாம்சன் எழுதிய அந்நிரல், ரசு காக்சு என்பவரின் விளக்கக் குறிப்புகளுடன் 2023 இல் வெளியிடப்பட்டது.

இது வெறும் கற்பனைக்குரிய அச்சம் அன்று. 2009 இல் கண்டறியப்பட்ட இண்டக் என்ற நச்சுநிரல், டெல்பி மொழியின் நூலகக் கோப்பு ஒன்றில் தன்னைப் பதித்துக்கொண்டது. பாதிப்புற்ற கணினியில் கட்டமைக்கப்பட்ட டெல்பி நிரல்கள் யாவும், அவற்றை எழுதியோர் அறியாமலேயே அதனைச் சுமந்து சென்றன. இது தொகுப்பியைத் தாக்காமல் நூலகத்தைத் தாக்கியது. எனினும் நிரலாக்கக் கருவிகளின் வழியே தீங்கு பரவ முடியும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

தீர்வு முயற்சிகள்

டேவிட் வீலர் என்ற ஆய்வாளர் இருவழித் தொகுப்பு ஒப்பீடு என்னும் முறையை 2005 இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாகவும், விரிவான வடிவில் 2009 இல் முனைவர் பட்ட ஆய்வேடாகவும் வெளியிட்டார். ஐயத்திற்குரிய தொகுப்பியின் மூலநிரலை முதலில் முற்றிலும் வேறான மற்றொரு தொகுப்பியால் மொழிமாற்ற வேண்டும். அவ்விளைவைக் கொண்டு அதே மூலநிரலை மீண்டும் மொழிமாற்ற வேண்டும். இறுதியில் கிடைப்பது, ஐயத்திற்குரிய தொகுப்பியின் பொறிமொழிக் கோப்போடு ஒவ்வொரு பிட்டும் பொருந்தினால், அதில் மூலநிரலில் இல்லாத எதுவும் ஒளிந்திருக்கவில்லை எனலாம். இரு தொகுப்பிகளிலும் ஒரே கள்ளக் கதவு இருந்தாலன்றி இம்முறை ஏமாறாது. ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விளைவைத் தரும் தொகுப்பிகளுக்கே இதனைப் பயன்படுத்த முடியும்.

மற்றொரு வழி, சங்கிலியின் தொடக்கத்தை மனிதர் படித்தறியக்கூடிய அளவுக்குச் சிறிதாக்குவது. குனூ கீக்சு திட்டம் 2023 ஏப்ரலில் இத்தகைய கட்டமைப்பை வெளியிட்டது. அதில் 357 பைட்டு அளவுள்ள ஒரே ஒரு பொறிமொழி நிரல் விதையாக அமைகின்றது. அதிலிருந்து படிப்படியாக ஒருங்குசேர்ப்பி, எளிய சி தொகுப்பி, பழைய ஜிசிசி, புதிய ஜிசிசி எனக் கருவிகள் யாவும் மூலநிரலிலிருந்தே கட்டமைக்கப்படுகின்றன. பதினாறடிமான எண்களாக எழுதினால் அவ்விதை ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அதன் ஒவ்வொரு கட்டளையையும் ஒருவர் தாமே படித்துச் சரிபார்க்கலாம்.

தமிழ்ச் சூழல்

தமிழ்ச் சொற்களைக் கட்டளைகளாகக் கொண்ட எழில் நிரல்மொழியின் வரிமொழிமாற்றி பைத்தானில் எழுதப்பட்டுள்ளது. நிரலாக்கத்தைத் தமிழில் கற்பிப்பதே அம்மொழியின் நோக்கம் என்பதால் இத்தெரிவு அதற்குப் பொருந்துவதாகும். அதற்கென ஒரு தன்மொழித் தொகுப்பி எழுதப்படுமாயின், தொகுப்பி ஒன்றின் மூலநிரலைத் தமிழ்க் கட்டளைகளிலேயே படித்தறியும் வாய்ப்பு மாணவர்களுக்குக் கிட்டும்.